திக்னஸ் பிளானரில் டிஜிட்டல் ஸ்கேல்: மாட்டுவதும் பூஜ்ஜியம் வைப்பதும்

போன ஆடியில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. கடையநல்லூர் பக்கம் நான் கதவு செய்து கொடுத்த வீடு. "ஆசாரி, உம்ம கதவு ராத்திரி பூரா பேசுது வே, தூங்க முடியல" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். தேக்குக் கதவு, ஆறு பேனல். காற்று அடிக்கிற அடியில் ஆறும் காடிக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. காடி 12 மிமீ. பேனலைக் கனம் அளக்கிற வெர்னியரில் பிடித்தால் 11.4.

அந்தப் பேனல்களை திக்னஸ் பிளானரில், அதாவது பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கிற மெஷினில், மாட்டியிருக்கும் டிஜிட்டல் ஸ்கேலின் டிஸ்பிளேயில் 12.00 என்று பார்த்துத்தான் இழைத்திருந்தேன். தேய்ப்புத்தாள் போட்டதில் 0.2 போயிருக்கும், அது கணக்குதான். மீதி 0.4 எங்கே போனது? முந்தின நாள்தான் பிளேடு மாற்றியிருந்தேன். புதுப் பிளேடு பழையதைவிட 0.4 மிமீ கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பூஜ்ஜியம் திரும்ப வைக்கவில்லை, அதாவது டிஸ்பிளே எண்ணை வெளியே வரும் மரத்தின் கனத்தோடு ஒத்துப்போக வைக்கவில்லை. டிஸ்பிளேயில் கோளாறே கிடையாது. டேபிள் எங்கே நிற்கிறது என்று அது சரியாகத்தான் காட்டியது. பிளேடு முனை எங்கே இருக்கிறது, மரம் என்ன கனத்தில் வெளியே வருகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆறு பேனலையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

இந்த ஸ்கேலை வாங்கி மாட்டலாமா என்று இப்போது நிறையத் தம்பிகள் கேட்கிறார்கள். மாட்டுங்கள், நல்ல சாமான்தான். ஆனால் எப்படி மாட்டுவது, எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள்.

என் பட்டறை இலஞ்சியில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். மரம் பெரும்பாலும் செங்கோட்டை மில்லில் அறுத்து வரும். தேக்கு, வேங்கை, அயினி, வசதி இல்லாதவர்களுக்கு வேம்பு. மெஷின் 13 அங்குலம், தரையில் நிற்கிற வகை. இதில் பிளேடு மாட்டிச் சுற்றுகிற கட்டர் ஒரே உயரத்தில் நிற்கும், டேபிள்தான் ஏறி இறங்கும். தூக்கிக்கொண்டு போகிற சின்ன மெஷின்களில் நேர்மாறு: டேபிள் நிற்கும், கட்டர் தலை நாலு தூணில் ஏறி இறங்கும். இரண்டுக்கும் ஒரே ஸ்கேல்தான், மாட்டுகிற இடம்தான் மாறும்.

மெஷினோடு வருகிற ஸ்டிக்கர் ஸ்கேல் போதாதா என்றால், கட்டில் சட்டத்துக்குப் போதும். முள்ளை எந்தக் கோணத்தில் பார்க்கிறோமோ அதற்கேற்ப அரை மிமீ கூடும், குறையும். காடியில் இறங்கும் பேனலுக்கும், டிராயர் பக்கப் பலகைக்கும், ஒட்டிச் சேர்க்கும் பலகைக்கும் அரை மிமீ பெரிய விஷயம்.

என் பெரியப்பாவுக்கு ஸ்டிக்கரும் வேண்டாம், டிஸ்பிளேயும் வேண்டாம். இழைப்புளி தள்ளிவிட்டுக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பலகை ஓரத்தில் வைத்து ஒரு தடவு. "அரை நூல் தூக்கலா இருக்கு, இன்னும் ரெண்டு தள்ளு தள்ளு" என்பார். சரியாக இருக்கும். நான் ஸ்கேல் மாட்டிய அன்றைக்கு வந்து பார்த்தவர், "ஏலே, கடியாரத்தக் கொண்டாந்து மெஷின்ல கெட்டிவச்சிருக்க?" என்றார். 19.05 என்று காட்டுகிறது பெரியப்பா என்றேன். "ஆறு நூல்னு சொல்லு. அதுக்கு எதுக்கு புள்ளியும் கோடும்."

அவர் சொன்னதிலும் ஒரு காரியம் இருக்கிறது. நம் ஊரில் ஆர்டர் கொடுக்கிறவர் அங்குலத்திலும் நூலிலும்தான் பேசுவார். காடி எடுக்கிற ரூட்டர் பிட்டும் பிளைவுட்டும் மிமீயில் வரும். 8 நூல் ஒரு அங்குலம், ஒரு நூல் 3.175 மிமீ. டேபிளுக்கு நேர் எதிர்ச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன்: 2 நூல் 6.35, 3 நூல் 9.53, 4 நூல் 12.70, 5 நூல் 15.88, 6 நூல் 19.05, 7 நூல் 22.23, 8 நூல் 25.40. மிமீயா அங்குலமா என்று மாற்றும் பட்டனை முழங்கை இடித்து மாற்றிவிட்டால் 19.05 இருந்த இடத்தில் 0.750 நிற்கும். அது உடனே தெரிந்துவிடும், பயமில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

உள்ளே இருக்கும் சமாசாரம் டிஜிட்டல் வெர்னியரில் இருப்பதுதான். ஒரு பட்டை, அதன்மேல் ஓடும் ஒரு தலை. பட்டையில் செப்புக் கோடுகள் பதித்து மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தலைக்குள் இருக்கும் தகடு அந்தக் கோடுகளைத் தொடாமலே, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து நகர்ந்த தூரத்தைக் கணக்கிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தண்ணீர் பட்டால் அது ஏன் பைத்தியம் பிடித்த மாதிரி எண் காட்டுகிறது என்பது பின்னால் புரியும்.

முதல் விஷயம் நீளம். டேபிள் எவ்வளவு இறங்குமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பட்டை இருக்க வேண்டும். நான் முதலில் வாங்கியது 150 மிமீ. டேபிள் 180 இறங்கும். "அவ்வளவு கனத்துக்கு எவன் மரம் கொண்டு வரப் போறான்" என்று மாட்டிவிட்டேன். ஒரு மாதத்தில் கோயில் வேலைக்கு உத்திரம் ஒன்று வந்தது. உதவிக்கு இருந்த பையன் டேபிளை இறக்கிக்கொண்டே போனான். டக் என்று ஒரு சத்தம். தலை பட்டையை விட்டுக் கழன்று கீழே கிடந்தது. இப்போது இருப்பது 200.

இரண்டாவது, டேபிள் இறங்கும்போது எண் கூட வேண்டும். சிலதில் திசை மாற்றும் வசதி இருக்கும். இல்லாவிட்டால் ஸ்கேலையே தலைகீழாக மாட்ட வேண்டியிருக்கும், எண் கவிழ்ந்து தெரியும். மூன்றாவது, நாம் வேண்டிய எண்ணை அழுத்தி வைக்கும் வசதி. அது இருந்தால் பூஜ்ஜியம் வைக்கும் வேலை பாதியாகும். இல்லாததற்கும் ஒரு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

0.01 மிமீ வரை காட்டும் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். காட்டுவது வேறு, அந்த அளவுக்குச் சரியாக இருப்பது வேறு. நம் வேலைக்கு 0.1 சரியாக வந்தால் தாராளம்.

மாட்டுவது

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. கையை விட்டு வேலை பார்க்கிற இடம் கட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

பட்டை நகராத பாகத்தில், தலை நகரும் பாகத்தில். என் மெஷினில் பட்டையை உடம்பின் வலது பக்கத் தூணில் மாட்டி, தலையை டேபிளின் அடியில் ஒரு பிராக்கெட்டால் இணைத்திருக்கிறேன். சீவல் தெறிக்கிற பக்கம் வேண்டாம். மரத்தை உள்ளே விடுகிற பக்கம் நின்றபடியே எண் தெரிய வேண்டும். குனிந்து எட்டிப் பார்க்கிற இடத்தில் மாட்டினால் பத்து நாளில் பார்க்கிற பழக்கமே போய்விடும்.

அடுத்தது நேர்மை. பட்டை டேபிள் போகிற போக்குக்கு இணையாக நிற்க வேண்டும். டேபிள்மேல் மூலைமட்டத்தை வைத்து முன்பக்கமும் பக்கவாட்டிலும் பாருங்கள். 100 மிமீ உயரத்தில் 5 மிமீ சாய்ந்திருந்தால் அளவில் 0.12 மிமீ போல வித்தியாசம் வரும். 2 மிமீ சாய்ந்திருந்தால் 0.02தான். ஆகவே மயிரிழைக்குச் சண்டை போட வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற சாய்வு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சாய்வைவிடப் பெரிய தொல்லை இறுக்கம். பட்டை ஒரு போக்கிலும் டேபிள் ஒரு போக்கிலும் போனால் தலை நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடும், சீக்கிரம் தேயும். இதற்காக பிராக்கெட்டைத் தடித்த ஆங்கிளில் செய்யாமல் மெல்லிய தகட்டில் செய்தேன். மேலும் கீழும் விறைப்பாக நிற்கும், பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டலாம் என்பார்கள். சின்ன மெஷினில் ஒட்டலாம். பெரிய மெஷினின் அதிர்வுக்கு என்னிடம் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. எம்4 ஸ்குரூவுக்கு மரை போட்டு மாட்டிவிட்டேன். துளை போடும் முன் அந்தத் தகட்டுக்குப் பின்னால் வயரோ செயினோ ஓடுகிறதா என்று திறந்து பாருங்கள். மாட்டி முடித்ததும் டேபிளை அடி முதல் நுனி வரை கையால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எங்கேயாவது இழுக்கிறதா, எண் தாவுகிறதா என்று கவனியுங்கள்.

தூசிக்கு நான் வைத்த மறைப்பு பழைய எக்ஸ்ரே ஃபிலிம். அம்மாவின் முழங்கால் படம். வெட்டி மடித்துப் பட்டைமேல் தொங்கவிட்டிருக்கிறேன், சீவல் வழுக்கிப் போய்விடும்.

வெர்னியரை முதலில் சோதியுங்கள்

பூஜ்ஜியம் வைக்கும் முன் கையில் இருக்கும் வெர்னியர் சரியா என்று தெரிய வேண்டும். அது தப்பாக இருந்தால் எல்லாமே தப்பு. வாயை மூடி பூஜ்ஜியம் காட்டினால் மட்டும் போதாது. வாய் திறந்த பிறகு என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஒரு பேரிங் வாங்குங்கள். 608 நம்பர் பேரிங்கின் வெளிவட்டத்தின் விட்டம் 22 மிமீ, 6202 என்றால் 35 மிமீ, 6204 என்றால் 47 மிமீ. புதுப் பேரிங்கின் வெளிவட்டத்தில் இருக்கும் வித்தியாசம் நூறில் ஒரு பங்கு மிமீ போலத்தான். அதை வெர்னியரில் பிடித்து 21.98க்கும் 22.02க்கும் உள்ளே காட்டினால் நம்புங்கள். வெளிவட்டத்தில் மட்டும் பிடியுங்கள். பேரிங்கின் அகலம் அவ்வளவு துல்லியமாக இருக்காது.

மரத்தைப் பிடிக்கும்போது வாயின் நுனியில் பிடிக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடியுங்கள். அழுத்தக் கூடாது. வேம்பிலும் அயினியிலும் அழுத்தினால் வெர்னியர் வாய் மரத்துக்குள் பதிந்து 0.1 குறைத்துக் காட்டும். பலகையின் இரண்டு நுனியிலும் ஒரு சாண் விட்டுவிட்டு அளக்க வேண்டும். மரத்தை இழுக்கும் இரண்டு ரோலரில் ஒன்று பிடித்து இன்னொன்று விடுகிற நேரத்தில் நுனியில் இரண்டு அங்குல நீளத்துக்கு மரம் கொஞ்சம் கூடுதலாகக் குழிந்துவிடும், அதை அளந்தால் கணக்கு ஏமாற்றும்.

பூஜ்ஜியம் வைப்பது

நன்றாகக் காய்ந்த தேக்குத் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒன்றரை அடி நீளம் வேண்டும். இரண்டு ரோலருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைவிடக் குட்டையான துண்டை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாதீர்கள். நடுவில் பிடிமானம் இல்லாமல் தூக்கி அடிக்கும். துண்டை உள்ளே விடுகிற பக்கமோ அது வெளியே வருகிற பக்கமோ, துண்டு போகிற வழிக்கு நேராக ஆள் நிற்கக் கூடாது. கழுத்தில் கிடக்கிற துண்டையும் ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள்.

ஒரு முகத்தை சர்ஃபேஸ் பிளானரில் மட்டமாக்கிக்கொள்ளுங்கள். அந்த முகத்தைக் கீழே வைத்து திக்னஸ் பிளானரில் இரண்டு தடவை லேசாக விடுங்கள். அதன் பிறகு டேபிளை நகர்த்தாதீர்கள். துண்டை மூன்று நாலு இடத்தில் அளங்கள். 20.34 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண் அழுத்தி வைக்கும் வசதி உள்ள ஸ்கேல் என்றால் 20.34 வைத்துவிடுங்கள், முடிந்தது.

வசதி இல்லாத, பூஜ்ஜியம் பட்டன் மட்டும் உள்ள ஸ்கேலில் சிலர் டேபிளை மேலே ஏற்றி பூஜ்ஜியம் வைக்கப் பார்ப்பார்கள். அது நடக்காது, கட்டரில் போய் இடிக்கும். நான் செய்வது இது: டேபிளை அங்கேயே பூட்டிவிடுவேன். தலையை டேபிளோடு இணைக்கும் பிராக்கெட்டின் ஸ்குரூவைத் தளர்த்தி, தலை பட்டையில் தனியாக ஓடும்படி விடுவேன். பூஜ்ஜியம் அழுத்திவிட்டு, எண் கூடுகிற திசையில் 20.34 வரும்வரை தலையை நகர்த்தி, அங்கே ஸ்குரூவை இறுக்குவேன். இறுக்கும்போது ஒன்றிரண்டு புள்ளி நகரும். அதற்காகவே பிராக்கெட்டில் துளையை நீள்துளையாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் நகர்த்த இடம் ஒரு அங்குலத்துக்குத்தான். அதனால் சோதனைத் துண்டு 20 மிமீ சுற்றி இருந்தால் சௌகரியம்.

பிறகு டேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதே துண்டை ஐந்தாறு தடவையாக விட்டு 5 மிமீ குறைத்து, டிஸ்பிளேயும் வெர்னியரும் இன்னும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பட்டை சாய்ந்திருக்கிறது, அல்லது பிராக்கெட் ஆடுகிறது.

இன்னொரு சோதனையும் இப்போதே செய்துவிடுங்கள். இரண்டு ஒல்லிச் சட்டங்களை, ஒன்றை டேபிளின் இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வைத்து ஒரே நேரத்தில் விடுங்கள். இரண்டையும் அளந்து பாருங்கள். என் மெஷினில் முதல் தடவை 0.35 வித்தியாசம் வந்தது. டேபிள் கட்டருக்கு இணையாக இல்லை. இது எந்த டிஸ்பிளேயிலும் தெரியாது. ஒரு பக்கத்தில் மாட்டிய ஸ்கேல் அந்தப் பக்கத்தின் கதையை மட்டும்தான் சொல்லும். 0.1க்குள் கொண்டுவந்த பிறகுதான் ஸ்கேலுக்கே அர்த்தம் வந்தது.

எப்போதெல்லாம் பூஜ்ஜியத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றால்: பிளேடு மாற்றினால், பிளேடைத் தீட்டி மாட்டினால், பேட்டரி மாற்றினால், மெஷினை இடம் மாற்றினால். பிளேடு தேய்வதாலும் கொஞ்சம் கொஞ்சமாக வித்தியாசம் வரும், இந்த முறை மரம் டிஸ்பிளேயைவிடத் தடிமனாக வரும். கட்டர் கவரில் மார்க்கரால் கடைசியாகப் பிளேடு மாற்றிய தேதியை எழுதி, அதன் கீழே பூஜ்ஜியம் வைத்த தேதியையும் எழுதுகிறேன். இரண்டாவது தேதி முதல் தேதிக்கு முந்தியதாக இருந்தால் மெஷினை யாரும் போடக் கூடாது. கடையநல்லூர்க் கதவுக்கு அப்புறம் வந்த சட்டம் இது.

ஓட்டும்போது

கை வீலைத் திருப்பினால் முதலில் கொஞ்சம் வெறுமனே சுற்றும், பிறகுதான் டேபிள் நகரும். மரைக்குள் இருக்கும் விளையாட்டு அது. ஸ்கேல் டேபிளையே நேரடியாகப் பார்ப்பதால் இந்த விளையாட்டு எண்ணில் சேராது. ஸ்டிக்கரோடும் கை வீல் கணக்கோடும் ஒப்பிட்டால் இதுதான் பெரிய லாபம். ஆனாலும் டேபிளை இறக்கி ஓர் எண்ணில் நிறுத்தினால், மெஷின் ஓடுகிற அதிர்வில் அது இன்னும் கொஞ்சம் உட்காரும். அதனால் எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே எண்ணுக்கு வாருங்கள். தாண்டிப் போய்விட்டால் ஒரு சுற்று கீழே இறக்கி மறுபடி மேலே வாருங்கள். தலை இறங்குகிற சின்ன மெஷின் என்றால் மேலிருந்து கீழே வர வேண்டும். பூட்டை இறுக்கும்போது எண் 0.03, 0.05 நகரும். பூட்டிய பிறகு நிற்கும் எண்தான் எண்.

ஒரு தடவைக்கு ஒரு மிமீக்கு மேல் எடுக்க ஆசைப்படாதீர்கள், முக்கியமாக வேங்கையில். கடைசித் தடவையை மிகவும் லேசாகவும் விடக் கூடாது. என் மெஷினில் உள்ளே இழுக்கும் ரோலர் பல் வைத்த இரும்பு, 0.3க்குக் குறைவாக எடுத்தால் அந்தப் பல் தடம் பலகைமேல் அப்படியே நிற்கும். கடைசிக்கு அரை மிமீ வைத்துக்கொள்வேன்.

நிறையப் பலகைகள் இருந்தால் நான் எண்ணை நேராகப் பார்ப்பதைவிட, போக வேண்டிய கனத்தில் தற்காலிக பூஜ்ஜியம் வைத்துவிட்டுக் குறைத்துக்கொண்டே வருவேன். அதாவது டிஸ்பிளே 2.50 காட்டினால் இன்னும் இரண்டரை மிமீ எடுக்க வேண்டும். உதவிக்கு இருக்கும் பையனுக்கும் இது சுலபம், கழித்தல் கணக்கு போட வேண்டாம். தற்காலிக பூஜ்ஜியத்துக்குத் தனிப் பட்டன் உள்ள ஸ்கேலில் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் உழைத்து வைத்த பூஜ்ஜியம் போய்விடும்.

ஒரு செட்டிங்கில் எல்லாப் பலகையையும் விட்டுவிட்டுத்தான் டேபிளைத் தொட வேண்டும். எட்டுப் பலகையை 19.00க்கு ஒரே மூச்சில் விட்டால் எட்டும் ஒன்றுபோல வரும். உண்மையில் 18.93 ஆக இருந்தாலும் எட்டும் 18.93. நாலு பலகையை இன்று விட்டு, நாலை நாளைக்கு அதே எண்ணில் விட்டால், எண் ஒன்றுதான், மரம் ஒன்றாக இருக்காது. ஒரு சீவல் டேபிளில் ஒட்டிக் கிடந்தால்கூடப் போதும்.

கோணி நிற்கிற பலகையை நேராக திக்னஸ் பிளானரில் விட்டு, டிஸ்பிளேயில் சரியான எண் இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரோலர் அழுத்திப் பிடிக்கும்போது பலகை மட்டமாக இருக்கும், வெளியே வந்ததும் பழையபடி கோணிக்கொள்ளும். எல்லா இடத்திலும் 19 மிமீ இருக்கும், எந்த இடத்திலும் நேராக இருக்காது.

சாரல் காலம்

இங்கே ஆனி, ஆடி, ஆவணி என்றால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றோடு சாரல். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்கு இரண்டு தொல்லை.

ஒன்று ஸ்கேலுக்கு. பட்டைமேல் ஈரம் படிந்தால் எண் துள்ளும், சும்மா நிற்கும்போதே ஓடும். உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டால் சரியாகும். தண்ணீரோ எண்ணெயோ போட்டுத் துடைக்காதீர்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் எண் துள்ளினால் ஈரத்தைக் குறை சொல்லாமல் மெஷினின் எர்த் இணைப்பைப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை எர்த் வயர் கழன்றுதான் கிடந்தது. எண் துள்ளியதைவிட அதுதான் பயமான விஷயம்.

பேட்டரி பெரும்பாலும் எல்.ஆர்.44 பொத்தான் பேட்டரி. எஸ்.ஆர்.44 கொஞ்சம் விலை, ஆனால் கூடுதல் நாள் நிற்கும். விலை குறைந்த ஸ்கேல்களில் டிஸ்பிளேயை அணைத்தாலும் உள்ளே பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எண் கண் சிமிட்ட ஆரம்பித்தால் உடனே மாற்றுங்கள், அந்த நிலையில் அது சொல்வதை நம்பி மரம் விடாதீர்கள்.

மற்றது மரத்துக்கு. பச்சைத் தேக்கு முழுதும் காய்ந்து முடிக்கும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கும், குறுக்கே நடுவிலிருந்து வெளிநோக்கிய போக்கில் 2.5 பங்கும் சுருங்கும். காய்ந்த பலகையும் காற்றின் ஈரத்துக்கேற்ப ஊறி வற்றிக்கொண்டேதான் இருக்கும். ஈரப்பதம் நாலு சதவீதம் மாறினால் 25 மிமீ பலகையின் கனத்தில், அறுத்த வாக்கைப் பொறுத்து, 0.1 முதல் 0.2 மிமீ வரை மாறிவிடும். சித்திரை வெயிலில் திருநெல்வேலி டவுனில் கிடந்த பலகையும், ஆடிச் சாரலில் இலஞ்சியில் கிடந்த பலகையும் ஒரே எண்ணில் இழைத்தாலும் மூன்று மாதத்தில் வேறு வேறு கனத்தில் நிற்கும். ஆகவே கடைசிப் புள்ளிக்குப் போராடி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 0.1 வரைதான் பார்ப்பேன், கடைசி இலக்கத்தை மறந்துவிடுவேன். பலகையைப் பட்டறைக்குள் பத்து நாளாவது இடையிடையே கட்டை கொடுத்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் இறுதிக் கனத்துக்கு இழைப்பேன்.

போன கார்த்திகையில் பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஊஞ்சல் பலகைக்கு வந்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். அவ்வளவு அகலத்துக்கு ஒற்றைப் பலகை கிடைக்காது, நாலு தேக்குப் பலகையை ஒட்டித்தான் செய்ய வேண்டும். ஒட்டிய பிறகு 13 அங்குல மெஷினில் நுழையாது. அப்படியானால் ஒட்டும் முன்பே நாலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், ஒட்டிய பிறகு கையால் எடுக்கிறது கொஞ்சமாக இருக்க வேண்டும். வாத்தியார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "தம்பி, ஒன்றரை அங்குலம்னா மில்லிமீட்டர்ல எவ்வளவு?" என்றார். "38.1 சார்." "நீங்க 38.6ல நிறுத்தியிருக்கீங்களே?" கண்ணாடி போட்டிருந்தாலும் டிஸ்பிளேயைக் கவனித்திருக்கிறார்.

ஒட்டின மூட்டில் ஏறி இறங்குவதைக் கையால் இழைத்து எடுக்க 0.3, தேய்ப்புத்தாளுக்கு 0.2 என்று கணக்குச் சொன்னேன். முதலில் நாலையும் 41க்கு இழைத்து, பத்து நாள் கட்டை கொடுத்து அடுக்கியிருந்தேன். அன்றைக்கு ஒரு மிமீ, பிறகு 0.9, கடைசியாக அரை மிமீ என்று நாலையும் ஒவ்வொரு செட்டிங்கிலும் வரிசையாக விட்டோம். காலையில் சோதனைத் துண்டு விட்டு எண்ணைச் சரிபார்த்துத்தான் தொடங்கினேன். வெர்னியரில் நாலும் 38.6, ஒன்று மட்டும் ஒரு ஓரத்தில் 38.5. ஒட்டி மறுநாள் கிளாம்ப் எடுத்ததும் பெரியப்பாவைக் கூப்பிட்டு மூட்டைத் தடவச் சொன்னேன். மூன்று மூட்டையும் விரலால் நீவிக்கொண்டே வந்து, "ரெண்டாவதுல காத்தாடி நூல் அளவு நிக்கி" என்றார். வெர்னியருக்கு எட்டாத இடம் அது. இழைப்புளியை அவரே வாங்கி, அந்த மூட்டில் மட்டும் மூன்று தள்ளு தள்ளிவிட்டுப் போனார்.